பச்சைக் கட்டம்

கம்ப்யூட்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் ரிட்டயர் ஆகிவிடலாம் என்று பேச்சியம்மாள் டீச்சர் நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் மண் விழுந்தது 2008 ஜூனில். பள்ளிக்கூடம் திறந்த கையோடு சிப்காட் கம்பெனி ஒன்று எட்டுக் கம்ப்யூட்டர்களை அட்டைப்பெட்டிகளோடு கொண்டுவந்து இறக்கியது. தருமம்தான். தருமத்தை வேண்டாமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மத்திகிரி சாலையில் இருக்கும் உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி அது. பேச்சியம்மாள் அங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ஃபிட்டர் வேலைக்கு வந்த புருஷனோடு ஓசூருக்கு வந்து இருபது வருஷம் ஓடிவிட்டது. இன்னும் கோபம் வந்தால் 'ஏட்டி' என்றுதான் வாயில் வரும். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, மீதிப் பாதிக்குக் கன்னடம், இடையில் தமிழ். அவளும் மூன்றையும் போட்டுக் குழப்பித்தான் பாடம் நடத்துவாள். பிள்ளைகளுக்குப் புரிந்தது. அதற்கு மேல் பாஷைக்கு என்ன வேலை இருக்கிறது?

அதே கம்பெனி முந்தின வருஷம் செய்த காரியம்தான் உண்மையில் பெரிய காரியம். கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு ஏற்பாடு செய்து, வகுப்பு முடிந்ததும் கெலமங்கலம் பக்கத்து ஊர்களில் கொண்டுபோய் விட ஒரு வேனும் கொடுத்திருந்தது. அந்த வேன் இல்லாவிட்டால் அந்த வகுப்பே கிடையாது. ஷிப்ட் விட்டு வரும் ஆம்பிளைகள் தொங்கிக்கொண்டு போகிற டவுன் பஸ்ஸில், இருட்டிய பிறகு பொட்டைப் பிள்ளையை எந்தத் தாய் வரச் சொல்வாள்?

சாயங்கால வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் வினோதா என்று ஒருத்தி. அப்பா மாதப்பன் பரம்பரையாகக் காட்டு வேலை பார்த்தவர், இப்போது ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகக் கூட்டிப் பெருக்குகிறார். அம்மா சாந்தம்மா தளிப் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ அறுக்கிறாள். 'பாஸானா மேல படி, பெயிலானா என்னோட பூவுக்கு வா' என்று சாந்தம்மா மகளிடம் தீர்த்துச் சொல்லியிருந்தாள். மற்றப் பாடமெல்லாம் தப்பித்துவிடும், கணக்குதான் கழுத்தறுக்கும். ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஒரு குணம். புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் கையைத் தூக்கும். "டீச்சர், இன்னொரு வாட்டி." மறுபடி சொன்னால், "இன்னும் ஒரு வாட்டி." நாலாவது வாட்டியில் முகம் தெளியும். அந்தத் தெளிச்சலைப் பார்ப்பதற்காகவே பேச்சியம்மாள் நாலு வாட்டி சொல்லுவாள். வினோதாவை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்பது அவளுக்கு அந்த வருஷம் ஒரு வெறியாகவே இருந்தது.

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க லாவண்யா என்ற பெண்ணைக் கம்பெனி அனுப்பியது. பெங்களூரிலிருந்து சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து வருவாள். நல்ல பிள்ளை, சிரித்த முகம். சுவரில் படம் போட்டு, ஆன்லைன் வகுப்பறை என்றால் என்ன, பாடத்தை எப்படி ஏற்றுவது, வாராந்தரத் தேர்வை எப்படி வைப்பது என்று இங்கிலீஷில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். வாத்தியார்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் வெங்கடப்பன் முன்வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் திரையில் ஒரு கட்டம் வரும், தேர்வில் தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு, அதைக் கம்பெனியும் பார்க்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. சிவப்பு எதற்கு என்றும் லாவண்யா நீளமாக விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம் வாத்தியார்களை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனை பயிற்சி முகாம்களில் ஆடிப் பழகிய தலைகள்!

முதலில் மௌஸைப் பிடிக்கவே பேச்சியம்மாளுக்கு வரவில்லை. அம்பு ஒரு பக்கம் போகும், இவள் கண் ஒரு பக்கம் போகும். ஆனால் வைராக்கியக்காரி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்து தட்டித் தட்டியே பழகிவிட்டாள். ஆகஸ்டுக்குள் பாடம் ஏற்றுவதும் தேர்வு வைப்பதும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒருநாள் இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தைத் திரையில் போட்டு, கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றிக் காட்டினாள். மேலே பார்த்துக்கொண்டிருந்த வளைவு சட்டென்று கவிழ்ந்தது. "டீச்சர், இவ்ளோ நேரம் சிரிச்சிகினு இருந்துச்சு, இப்ப அழுவுது" என்றாள் வினோதா. வகுப்பே சிரித்தது. பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து மண்டையை உடைத்துக்கொண்டது ஒரு நொடியில் முடிந்துவிட்டதே என்று பேச்சியம்மாளுக்கு நிஜமாகவே சந்தோஷம். அந்தப் பெட்டியின் மேல் அவளுக்கு அன்றைக்குப் பிரியமே வந்துவிட்டது.

வினை வாராந்தரத் தேர்வில் வந்தது. கேள்வியெல்லாம் இங்கிலீஷில். பிள்ளைகள் ஒரு எழுத்தைத் தேடிப் பிடித்து அமுக்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். அது போதாதென்று, தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்த வருஷம் அது. பாதித் தேர்வில் கரண்ட் போனால் அந்தப் பெட்டி பூஜ்யம் போட்டுவிடும். சாயங்கால வகுப்புப் பிள்ளைகளின் கட்டங்கள் அத்தனையும் செக்கச்செவேலென்று நின்றன. லாவண்யா வந்து, "மேடம், இவங்களைச் சாயங்காலமும் கம்ப்யூட்டர்ல உட்கார வைங்களேன்" என்றாள். பேச்சியம்மாளுக்குத் திக்கென்றது. கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தையும் இந்தப் பெட்டி தின்றுவிட்டால் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது எப்போது?

வெங்கடப்பன் சாரும் தன் பங்குக்குக் கூப்பிட்டு விட்டார். "எந்துக்கம்மா டீச்சர் எனக்கு இந்தத் தலைவலி? ஸ்கிரீனைத் தெறந்தா ஒரே செவப்பா இருக்குது. கம்பெனிக்காரங்க பாத்தா நம்மளப் பத்தி என்னா நெனைப்பாங்க? நீங்க சீனியரு. எதுனா பண்ணுங்க."

எதுனா பண்ணுங்க என்றால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் முந்தின வாரமே வகுப்பில் ஒத்திகை நடக்கும். அதிகாரி கேள்வி கேட்டால் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கைகளாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரிக்கு வகுப்பு முழுக்கக் கை தெரியும், மனசு குளிரும். காபியைக் குடித்துவிட்டு, 'திருப்தி' என்று எழுதிவிட்டு ஜீப்பில் ஏறுவார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, தெரியாதவனுக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுக்கலாம். இதில் பொய் இருக்கிறது, பாவம் இல்லை. பேச்சியம்மாளும் இத்தனை வருஷம் அப்படித்தான் நடந்தாள். ஊரே அப்படித்தான் நடந்தது.

கம்ப்யூட்டரையும் அவள் வந்துவிட்டுப் போகிற ஒரு இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். திரை போட்ட தடுப்புக்குள் உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயரில் ஒவ்வொருத்தராக உள்ளே நுழைந்தாள். பாஸ்வேர்டெல்லாம் அவளே வைத்துக் கொடுத்ததுதான். தேர்வை அவளே எழுதினாள். எல்லாருக்கும் நூறு வந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி ஆகிவிடும் என்று, ஆளுக்கு ஏற்றபடி நாலைந்து தப்பு போட்டாள். இவன் கூட்டலில் கோட்டை விடுவான், இவளுக்குப் பின்னம் வராது என்று தப்பிலும் ஒரு நியாயம் பார்த்தாள். வினோதா முறை வந்தபோது மட்டும் கை தாராளமாகிவிட்டது. படாத பாடு படுகிற பிள்ளை, திரையிலாவது நன்றாக இருக்கட்டுமே என்று ஓர் ஓரவஞ்சனை. தொண்ணூற்றாறு வந்தது. கட்டம் பச்சையானதைப் பார்த்தபோது மனசுக்கு இதமாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் அதே தடுப்பு, அதே வேலை. பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டாள். "ஏட்டி, அந்தப் பரீட்சைய நான் பாத்துக்கிடுதேன். நீங்க கணக்கப் பாருங்க." பிள்ளைகளுக்குத் தொல்லை விட்டது. வெங்கடப்பன் சாருக்குத் தலைவலி விட்டது. சாயங்கால வகுப்பு கரும்பலகையோடு பழையபடி நடந்தது. வினோதா பள்ளித் தேர்வில் இருபதிலிருந்து இருபத்தெட்டுக்கு வந்தாள். இன்னும் ஏழு மார்க். பொங்கல் முடிந்து விடாமல் பிடித்தால் தாண்டிவிடுவாள் என்று பேச்சியம்மாளுக்குத் திடமாகத் தெரிந்தது.

டிசம்பரில் கம்பெனி ஒரு விழா வைத்தது. மேடையில் பேச்சியம்மாளுக்குச் சால்வை. கெலமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் எப்படி முன்னேறிவிட்டார்கள் பாருங்கள் என்று ஒரு அதிகாரி சிலரின் பெயரை வாசித்தார். "வினோதா, மாதப்பன் மகள், தொண்ணூற்றாறு." பின்வரிசையில் சாந்தம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாதப்பன் எழுந்தே நின்றுவிட்டார். கைதட்டத் தெரியாமல், கும்பிட்டபடி நின்றார். வினோதா தரையைப் பார்த்தாள். பேச்சியம்மாளுக்குச் சால்வை கழுத்தில் முள்ளாய்க் குத்தியது. ஆனாலும், போகட்டும், மார்ச்சில் நிஜமாகவே பாஸாகிவிட்டால் இதெல்லாம் கழுவிப் போய்விடும் என்று தேற்றிக்கொண்டாள்.

பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் நாள் வேன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சனிக்கிழமை வந்த லாவண்யாவை வாசலிலேயே மடக்கினாள்.

"வேன ஏம்மா நிறுத்திட்டாங்க?"

"நல்ல விஷயம்தானே மேடம்! உங்க பசங்க எல்லாரும் கிரீன் ஆயிட்டாங்க. தளிப் பக்கம் ஒரு ஸ்கூல், அங்க எல்லாரும் ரெட். பாவம். அதனால வேன், ஈவ்னிங் கிளாஸ் எல்லாத்தையும் அங்க மாத்திட்டாங்க."

பேச்சியம்மாள் அவளைக் கம்ப்யூட்டர் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். "லாவண்யா, அதெல்லாம் பிள்ளைக போட்டதில்ல. நான் போட்டது."

லாவண்யாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் மேடம்?"

"செவப்பா இருந்தா பிள்ளைகளுக்குக் கெட்ட பேருல்லா? பள்ளிக்கூடத்துக்கும் கெட்ட பேரு. எங்கிட்டயே கேள்வி கேப்பாங்கன்னு பயந்துட்டேன்."

"ரெட் வந்தா யாரும் திட்ட மாட்டாங்க மேடம். ரெட் வந்தா இன்னொரு டீச்சர் போடுவாங்க. வகுப்பு நேரத்தைக் கூட்டுவாங்க. ரெட்டுன்னா இந்தப் பிள்ளைக்கு உதவி வேணும்னு அர்த்தம். அதுக்குத்தான் அந்தக் கலரே. முதல் நாளே சொன்னேனே மேடம், நீங்கல்லாம் தலையாட்டினீங்களே."

சொன்னாள்தான். இங்கிலீஷில் சொன்னாள். பேச்சியம்மாளும் தலையாட்டினாள்தான். அவள் பார்த்த உலகத்தில் சிவப்பு மையால் யாரும் யாருக்கும் உதவி எழுதியது கிடையாது. சிவப்பென்றால் அடி, சிவப்பென்றால் மெமோ. இந்தப் பாழாய்ப்போன பெட்டி மட்டும் வேறு மாதிரி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று, அது உதவி கேட்டுக் கத்திய வாயைத் தன் கையாலேயே பொத்தியிருக்கிறாள்.

உண்மையைக் கம்பெனிக்கு எழுதிவிடு என்று கெஞ்சினாள். லாவண்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன் என்றாள். வெங்கடப்பன் சாரிடம் போனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் டீச்சர். சொன்னா கம்ப்யூட்டரும் போவும், மானமும் போவும். விட்டுடுங்க." பிப்ரவரியில் லாவண்யா வருவது நின்றது. கார் விற்பனை படுத்து, கம்பெனிகளில் ஆட்குறைப்பு நடந்த நேரம். அவளையும் அனுப்பிவிட்டார்களாம். அவள் எழுதினாளா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை. பேச்சியம்மாள் தானே கம்பெனி வாசலுக்குப் போனாள். செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்து, அந்தத் திட்டத்தைப் பார்த்த மேடம் இப்போது இல்லை, புது ஆள் போட்டதும் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். புது ஆளைப் போடவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அந்த நேரம் எந்த மூலைக்கு? "இன்னொரு வாட்டி" என்று வினோதா கை தூக்கும்போது மணி அடித்துவிடும். தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டு பிள்ளை அடுத்த வகுப்புக்கு ஓடும். மார்ச்சும் வந்தது.

மே மாதக் கடைசியில், அதே பிரவுசிங் சென்டரில்தான் ரிசல்ட் பார்த்தாள். பரீட்சை எண்ணை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். வினோதா, கணக்கு, இருபத்தொன்பது. சாயங்கால வகுப்பில் இரண்டு பேர் தப்பித்திருந்தார்கள். மீதிப் பேர் விழுந்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து சாந்தம்மா மகளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வினோதாவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்களே கேளுங்க டீச்சர் இவள" என்றாள் சாந்தம்மா. "மேடையில தொண்ணூத்தாறுன்னு சொன்னாங்களே, நானே என் காதால கேட்டேனே. கம்ப்யூட்டர்ல தொண்ணூத்தாறு போட்டவளுக்கு இதுல முப்பத்தஞ்சு போட முடியாதா? பேப்பருல வேணும்னே எழுதாம வந்துகீறா. திமிரு. அவங்கப்பா சோறு துன்னவே இல்ல."

"சாந்தம்மா, ஜூன்ல உடனடித் தேர்வு இருக்கு. நான் எங்க வீட்டுலயே வச்சு சொல்லிக்கொடுக்கேன். பணம் காசு ஒண்ணும் வேண்டாம். அனுப்பி வைங்க."

"எதுக்குங்க? தெரியாத புள்ளைன்னா அனுப்பலாம். காலுல உழுந்தாவது படிக்க வெப்பேன். தெரிஞ்சிகினே எழுதாதவளுக்கு எதுக்கு இன்னொரு பரீட்சை? அவங்கப்பா ஒரே வார்த்தையா சொல்லிட்டாரு. திங்கக்கெழமையிலருந்து பூவுக்கு."

பேச்சியம்மாளுக்குப் பளிச்சென்று விளங்கியது. அந்தத் தொண்ணூற்றாறு மட்டும் பொய் என்று தெரிந்தால் இவர்கள் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். ஒரு வார்த்தை. வேலை போனாலும் போகட்டும். "சாந்தம்மா, அந்த மார்க்கு இருக்குல்ல..."

"நான்தாம்மா சரியா எழுதல" என்று வினோதா குறுக்கே விழுந்தாள். "டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த நேரம் பார்த்து வெங்கடப்பன் சார் ஏதோ கையெழுத்துக்காகச் சாந்தம்மாவை உள்ளே கூப்பிட்டார். அவள் போனதும் வினோதா பக்கத்தில் வந்தாள்.

"சொல்லாதீங்க டீச்சர்."

"ஏட்டி, சொன்னாத்தான் உன்ன அனுப்புவாங்க. ஆறு மார்க்குதான? நான் வாங்க வைக்கேன்."

"வேணாம் டீச்சர்." பிள்ளை அழவில்லை. யோசித்து முடிவு செய்தவள் போலப் பேசினாள். "எங்கப்பா அந்தத் தொண்ணூத்தாற ஊரெல்லாம் சொல்லிகீறாரு. மேஸ்திரிகிட்ட, டீக்கடையில, எங்க மாமன் ஊட்டுல. திமிருல பெயிலாயிட்டான்னு இப்ப அடிச்சாரு. அடிச்சா அடிச்சிட்டுப் போவட்டும். அது என்னுது இல்லன்னு தெரிஞ்சா, அப்பறம் அவரு யாரு மொகத்தப் பாப்பாரு? பொறந்ததுலருந்து என்னப் பத்தி அவரு நல்லதாச் சொன்னது அது ஒண்ணுதான் டீச்சர். அதையும் எடுத்துடாதீங்க."

பேச்சியம்மாள் சாந்தம்மா போன கதவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைக்குப் படிப்பு கிடைக்கலாம், தகப்பன் போய்விடுவான். சொல்லாவிட்டால் தகப்பன் இருப்பான், படிப்பு போய்விடும். இரண்டில் எதைப் பறிப்பது என்று தீர்மானிக்க இவள் யார்? இந்த இரண்டையும் எதிரும் புதிருமாகக் கொண்டுவந்து நிறுத்தியதே இவள்தானே.

சாந்தம்மா கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்தாள். கட்டைவிரலில் ஒட்டிய மையைத் தலையில் துடைத்துக்கொண்டாள். மகளைத் தோளில் தட்டி நடக்கச் சொன்னவள், நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

"அந்த மார்க்கப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே டீச்சர்?"

வினோதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல சாந்தம்மா" என்றாள் பேச்சியம்மாள். "நல்ல மார்க்கு அது."